அரை அங்குல வலையும் ஒரு கொண்டியும்

கோலார் தங்கவயல், மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீடு. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர், விடிகாலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நாலரை மணிக்குக் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு மணிக்கு அவர் மனைவி எழுந்து பார்த்தால், எட்டுக் கோழிகளில் இரண்டு கழுத்து கிழிந்து கிடக்கின்றன. ஒன்றைக் காணோம். மிச்சம் ஐந்தும் தகரக் கூரைமேல் ஏறி நிற்கின்றன.

அன்று ராத்திரி அந்தக் கணவர் என்னிடம் வந்தார். "அண்ணா, எந்த மருந்து வெச்சா நாய் சட்டுனு சாவும்?" என்றார். இந்தக் கேள்வியோடு என் வாசலுக்கு வந்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள். ஒருவர் கீரிக்குக் கண்ணி கேட்டார். இன்னொருவர் கூண்டைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டு ப்ளக்கிலிருந்து கரண்ட் விடலாமா என்றார். கூண்டை எப்படிக் கட்டுவது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கரண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். விடாதீர்கள். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு அதைக் கோழிக்கூண்டில் கட்டுவோம் என்றால் என்ன சொல்வது? நம் லைன்களில் வீட்டுக்கு வீடு தகரம். மழை பெய்தால் தரை ஈரம். பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகாத சந்து கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தை தொட்டுவிட்டால் அப்புறம் கோழிக் கணக்கு யார் பார்ப்பது? ஜெயில்தான். அப்படி எங்காவது கம்பி கட்டியிருப்பது தெரிந்தால் மின் நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள். கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடிய பிறகு, ஆள் நடமாட்டம் குறைந்த இடமெல்லாம் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிவிட்டன. கீரி, காட்டுப்பூனை, மரநாய், பெருச்சாளி, சாரை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அவை பாட்டுக்கு இருக்கின்றன. பலமில்லாத கூண்டில் கோழியை அடைத்து அவற்றுக்கு விருந்து வைப்பது நாம்.

எது வந்தது என்று தெரிந்துகொள்ளக் கிடந்த உடலைப் பாருங்கள். நாய் என்றால் கூண்டே கலைந்திருக்கும். இறகு முற்றமெல்லாம் பறந்திருக்கும். கழுத்திலும் தலையிலும் கடிபட்டு இரண்டு மூன்று செத்திருந்தால் கீரியையோ மரநாயையோ சந்தேகிக்கலாம். ஒரு இறகுகூட விழாமல் குஞ்சு மட்டும் குறைந்தால் பாம்பாக இருக்கலாம். முட்டை காணாமல் போய், குஞ்சின் காலில் கடிவாய் இருந்தால் பெருச்சாளி. பட்டப்பகலில் குஞ்சு போனால் தலைக்கு மேலே பாருங்கள்: காக்கை, பருந்து, வைரி.

கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய வலையைத் தருவார்கள். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் அது உதவும், நாய் உள்ளே வராமல் இருக்க உதவாது. இரண்டு முறை பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். கண்ணும் பெரிது, கீரிக்குட்டியும் பெருச்சாளியும் நுழைந்துவிடும். வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், 18 கேஜ் அல்லது அதைவிடத் தடித்தது. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். கடைக்காரர் 22-ஐக் காட்டி "இது பெரிய நம்பர், ஸ்ட்ராங்கு" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வலையைச் சட்டத்தில் ஆணி மடக்கி அடித்து நிறுத்துகிறார்கள். நாய் முட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். வலையின் ஓரத்தின்மேல் ஒரு ரீப்பரை வைத்து, அதற்கு மேல் ஸ்க்ரூ முடுக்குங்கள். ரீப்பர் இல்லாவிட்டால் அகலமான வாஷர் போட்டு நாலு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ.

பலரும் கோட்டைவிடும் இடம் கூரை. நெளிதகரத்தைச் சட்டத்தின்மேல் வைத்தால் ஒவ்வொரு நெளிவுக்கும் கீழே ஒரு பொந்து நிற்கும். விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு விரல் தாராளமாகப் போகும். சாரைக்குட்டிக்கும் எலிக்கும் அதுதான் வாசல். வலைத்துண்டை மடித்துத் திணித்து சிமெண்டு பூசிவிடுங்கள். காற்றுக்காகக் கூரைக்கடியில் திறப்பு விட்டால் அதற்கும் அதே வலை. காற்றில்லாத கூண்டில் அம்மோனியா வாடை ஏறிக் கோழிக்கு மூச்சு முட்டும் என்பதால் திறப்பை அடைக்கவும் கூடாது.

பத்து நாட்டுக்கோழி ராத்திரி தங்க நாலுக்கு ஐந்தடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் காலில் நிறுத்துங்கள். கூண்டோடு திறந்த வலையறையும் கட்டினால், சுற்றிலும் ஒரு அடி ஆழம் வலையைப் புதைக்கச் சொல்வார்கள். நம் மண்ணில் கடப்பாறை பாறையில் 'டங்' என்னும். அங்கே வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையோடு விரித்து, மேலே கல் அடுக்குங்கள். தோண்ட வரும் நாய் சுவரோரமாகத்தான் தோண்டும். காலுக்கடியில் வலை தட்டுப்பட்டால் தோண்ட முடியாது.

கூண்டுக்குள் பரப்ப உமியோ மரத்தூளோ போடுங்கள். சைனைட் டம்ப்பிலிருந்து மணல் அள்ளாதீர்கள். சும்மா கிடக்கிறது, வெள்ளையாக, நைசாக இருக்கிறது என்று சாக்கில் கட்டி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு அது, 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். கோழி தரையைக் கிளறிக் கொத்தித் தின்னும் பிராணி. அதன் முட்டை உங்கள் பிள்ளையின் தட்டுக்கு வரும். அந்த மணல் வேண்டாம்.

கதவுக்கு மரக்கட்டையைத் திருப்பி வைக்கிறார்கள். பூனையின் கால் பட்டாலே திரும்பும். கொண்டி போட்டு, அதில் ஸ்பிரிங் கொக்கி மாட்டுங்கள். இரண்டு கால் திருடனுக்குப் பூட்டு. கோழி திருடு போனால் போலீஸ் உடனே ஆளைப் பிடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு என்.சி. வழக்கு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாது. இருந்தாலும் புகார் எழுதிக் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வாருங்கள். அடுத்த முறை அது பேசும்.

இனி மருந்துக்கு வருகிறேன். கீரி, காட்டுப்பூனை, மரநாய், சாரை, நாகம் எல்லாமே 1972-ஆம் வருஷக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் கொல்வது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் 'வேட்டை'தான். கூண்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் தடியைத் தூக்காமல் வனத்துறையின் 1926-க்குப் போன் செய்யுங்கள். தெருநாய் பட்டியலில் இல்லையே என்றால், நாய்க்கு விஷம் வைத்தால் அந்தப் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து வருஷம் வரை தண்டனை. விஷம் தடவிய கறித்துண்டு நாய் வாயோடு நிற்பதில்லை. அதை உங்கள் கோழியே கொத்தும்.

நாய்க்குக் கேட்க வேண்டிய இடம் நகரசபை. அங்கே வாயால் சொன்னால் "பார்க்கிறோம்" என்பார்கள், பார்க்க மாட்டார்கள். நகரசபை ஆணையரான பௌராயுக்தருக்கு அர்ஜியாக எழுதுங்கள், கன்னடத்தில். தமிழில் எழுதினால் மூலையில் கிடக்கும். ஸ்கூல் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வார்டு எண், லைன், நாய்கள் எத்தனை, என்ன தேதியில் என்ன நடந்தது, 2023-ஆம் வருஷ விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட வேண்டும். இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். சீல் இல்லாத அர்ஜி, கொடுக்காத அர்ஜி. நாயைப் பிடித்துக் கொண்டுபோய்த் தொலைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். விதிப்படி கருத்தடை செய்து அதே இடத்தில் விட வேண்டும். ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடுங்கள்: பத்து ரூபாய், ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். நம் வார்டில் இந்த வருஷம் எத்தனை நாய்க்குக் கருத்தடை நடந்தது என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

காயமே இல்லாமல் கோழிகள் சாகின்றனவா? அது கூண்டு விஷயமல்ல, வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். தடுப்பூசி போட்டீர்களா? ஏழாம் நாள் லசோட்டா சொட்டு, எட்டு வாரத்துக்குப் பிறகு ஆர்.டூ.பி. ஊசி. குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. லைனில் நாலு வீடு சேர்ந்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கியவுடன் போட்டு முடியுங்கள். கொத்துக் கொத்தாகச் செத்தால் அறுத்துத் தின்னவும் வேண்டாம், சாக்கடையில் எறியவும் வேண்டாம். மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-ஐக் கூப்பிடுங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து அனுப்புவது அவர்கள் வேலை. 2009-ஆம் வருஷக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தெரிவிப்பது உங்கள் கடமை. 2025 தொடக்கத்தில் பக்கத்துச் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலேயே அது வந்துபோனது. அரசு இழப்பீடு அழிக்கப்பட்ட கோழிக்குத்தான், ஏற்கெனவே செத்ததற்கு இல்லை. மறைத்து வைத்தவர்களுக்கு நஷ்டம் இரட்டிப்பு. எத்தனை கோழி எடுத்தார்கள் என்று எழுதிய ரசீதைக் கையில் வாங்குங்கள்.

மாரிக்குப்பத்துக்காரர் மருந்து வாங்கவில்லை. மெஷ் வாங்கினார். நெளிவுகளை அடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கதவு திறக்கும் வேலையை இப்போது பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டிருக்கிறார். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு ஏழு மணிக்குத் திறக்கிறார் ஆயா. சாயங்காலம் ஆறரைக்குக் கோழிகளை எண்ணிக் கொண்டி போடுகிறார். வாரத்துக்கு நாலு முட்டை அவருக்கு.