ஐடில் வால்வில் ஏன் மூன்று கம்பி?

ஆக்சிலரேட்டரை விட்டதும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். என்ஜின் அணைந்துவிடாமல் பக்கவழியாகக் காற்று விடுவது ஐடில் வால்வு. பழைய பிஎம்டபிள்யூ கார்கள் சிலவற்றில் உள்ள பாஷ் வால்வுக்கு மூன்று கம்பி: நடுவில் 12 வோல்ட்; ஒருபுறம் திறக்கும் சுருள், மறுபுறம் மூடும் சுருள். காரோடு வரும் கம்பெனி என்ஜின் கம்ப்யூட்டர் இரண்டையும் மாறி மாறி எர்த் செய்யும்.

வெளியில் வாங்கி மாட்டும் கம்ப்யூட்டரில் இதற்கு ஒரே அவுட்புட் மட்டும் இருந்தால்? அதைத் திறக்கும் சுருளுக்குக் கொடுத்து, மூடும் சுருளை அதிக வாட் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் நிரந்தரமாகச் சேர்ப்பார்கள். அது ஸ்பிரிங் போல வால்வை எப்போதும் மூடும் பக்கம் இழுக்கும். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் ரெசிஸ்டர் கொதிக்கும், பிளாஸ்டிக் அருகே வேண்டாம்.

சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எழும் மின்னழுத்தம், அதை எர்த் செய்யும் கம்ப்யூட்டர் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பு இல்லையென்றால் சுருளின் குறுக்கே டையோடு போடுங்கள். கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம், மாற்றினால் ஷார்ட்தான்.