அடைவு மீறல்: அப்பாச்சி வழங்கியிற் காணப்பட்ட வழுவை முன்வைத்து

இணைய வழங்கியொன்று தன்னிடமுள்ள கோப்புகள் அனைத்தையும் வெளியாருக்குக் காட்டுவதில்லை. குறித்த ஓர் அடைவினுள் வைக்கப்பட்டவற்றை மாத்திரமே கேட்போருக்கு வழங்குதல் அதன் கடமையாகும். ஆயின், கோப்பை அடையும் பாதையை எழுதியனுப்புபவர் கேட்பவரே. யுனிக்ஸ் மரபிலே பாதையில் வரும் இரட்டைப் புள்ளி 'ஒரு படி மேலே செல்க' எனப் பொருள்படும். அதனைப் பலமுறை அடுக்கி எழுதுபவர், அனுமதிக்கப்பட்ட அடைவைக் கடந்து பயனாளர் விபரக் கோப்பு வரை சென்றுவிடக்கூடும். இதுவே அடைவு மீறல் எனப்படுவது.

இரட்டைப் புள்ளியைக் கண்டதும் மறுத்துவிடலாமே என எண்ணத் தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கின்றது. இணைய முகவரியில் எந்த எழுத்தையும் நூற்றுவீதக் குறியோடு அதற்குரிய எண்ணைச் சேர்த்து எழுதுதல் முறையானதே. இவ்வாறு வேடம் பூண்டு வரும் புள்ளி சோதிக்கும் பகுதியின் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. கோப்பைத் திறக்கும் பகுதியோ அதனைப் புள்ளியாகவே வாசிக்கின்றது.

2021 செப்டெம்பரில் வெளிவந்த அப்பாச்சி வழங்கியின் 2.4.49 ஆம் பதிப்பில் நிகழ்ந்தது இதுதான். பாதையைச் சீர்செய்யும் நிரற்பகுதி அதில் மாற்றப்பட்டிருந்தது. இரண்டாவது புள்ளி எண்வடிவில் வந்தபோது அம்மாற்றம் அதனை இனங்காணவில்லை. ஒக்டோபர் 4 ஆந் திகதி திருத்திய பதிப்பு வெளிவந்தது. ஆனால், எண்ணைக் குறிக்கும் எழுத்துகளையே மறுபடியும் எண்வடிவாக்கி அனுப்பியபோது அத்திருத்தமும் பயனற்றுப்போயிற்று. 7 ஆந் திகதி மீண்டுமொரு பதிப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

முதற் திருத்தத்தின் குறைபாடு கவனத்திற்குரியது. அது ஒரு குறித்த எழுத்துமுறையைத் தடுத்ததேயன்றி, சோதனையும் வாசிப்பும் முரண்படும் நிலையை நீக்கவில்லை. பாதையை முற்றாக விரித்து, அது உண்மையில் எங்கு சென்று முடிகின்றது என்பதைக் கண்டபின்னரே அனுமதியைத் தீர்மானித்தல் வேண்டும். இது புதிய பாடமுமன்று: 2000 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ற் வழங்கியில் யுனிக்கோட் எழுத்துகளின் வழியே இதையொத்த வழு வெளிப்பட்டது; 2001 செப்டெம்பரில் நிம்டா என்னும் நச்சுநிரல் பரவிய வழிகளுள் அதுவும் ஒன்று. பாதைச் சோதனையைப் பொது நிரல் நூலகமொன்றிடம் ஒப்படைக்கும் மென்பொருள்கள் பல. நூலகத்தின் வழு அவையனைத்தினதும் வழுவாகிவிடுகின்றது.

அப்பாச்சியுடன் வரும் அமைப்புக் கோப்பு, வெளிப்படையாக அனுமதிக்கப்படாத அடைவுகள் யாவற்றையும் மறுக்கின்றது. அவ்விதியை மாற்றாது விட்ட வழங்கிகளில் 2.4.49 ஆம் பதிப்பின் வழு கோப்புகளைத் திறந்து கொடுக்கவில்லை. வசதி கருதி அதனைத் தளர்த்தியவர்களின் கோப்புகளே வெளியாரின் வாசிப்புக்கு உள்ளாயின. வழங்கியில் நிரல்களை இயக்கும் வசதியும் திறந்திருந்த இடங்களில், வெளியார் தமது கட்டளைகளையே அங்கு நிறைவேற்ற முடிந்தது.