உங்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிடத்துக்கும் குறைவான மௌனம்
அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் இறந்துபோனால், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த ஸ்ட்ரெச்சரைப் பார்க்க ஓட வேண்டியதுதான். அழக்கூட நேரமிருக்காது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியராக இருந்த ஜோனதன் பார்ட்டெல்ஸ் இதை மாற்றினார். உயிர் பிரிந்ததும், அறையில் உள்ள எல்லோரையும் சற்று நிற்கச் சொன்னார். படுக்கையில் இருப்பவர் யாருக்கோ அம்மா, யாருக்கோ நண்பர் என்று இரண்டு வாக்கியம்; பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவான மௌனம். அவ்வளவுதான். 'தி பாஸ்' (The Pause, சிறு இடைநிறுத்தம்) என்ற இந்த வழக்கத்தைப் பற்றி 2014-இல் செவிலியர் இதழ் ஒன்றில் அவர் எழுதினார். வேறு நாட்டு மருத்துவமனைகளும் இதைக் கைக்கொண்டன.

இப்படி ஓயாமல் ஓடுபவர்களை வாட்டும் 'பர்ன்அவுட்' (பணிச்சோர்வு) ஒரு நோயல்ல, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. களைத்துப்போன செவிலியரைக் குறை சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இந்தக் களைப்புக்கு இன்னொரு காரணமான இரவு ஷிப்ட் உடலின் கடிகாரத்தையே குழப்பிவிடும். மேசையில் ஏடு படிந்து ஆறிக் கிடக்கும் டீயே அங்கே பல நாள் சாப்பாடு. பணிக்குக் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிடுவது, ஷிப்டின் பின்பாதியில் காபியைத் தவிர்ப்பது, காலையில் தூங்கும் அறைக்குக் கனத்த திரை போடுவது, இவை ஓரளவு கைகொடுக்கும். நடுவே இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த இருபது நிமிடம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு செவிலியர் பணியில் இருக்க வேண்டுமே!