சோதனையாளரும் பேசட்டும்

மென்பொருள் நிறுவனங்களில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நடைபெறும் 'ஸ்பிரிண்ட் ரிவ்யூ' கூட்டம், நான் கண்டவரையில், வெறும் செயல்விளக்கமாகவே முடிந்துவிடுகிறது. நிரலாளர் திரையில் இயக்கிக் காட்டுகிறார், வாடிக்கையாளர் தலையசைக்கிறார், தரச் சோதனையாளர் ஓரமாக அமர்ந்திருக்கிறார். 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் வழிகாட்டியில் சோதனையாளர் என்ற தனிப் பதவி கிடையாது என்பது உண்மைதான். ஆனால், 'முடிந்தது' என்பதற்கான வரையறையை நிறைவு செய்யாத பணியைக் கூட்டத்தில் காட்டவே கூடாது என்கிறது அதே வழிகாட்டி. அது நிறைவேறியதா என்பதைச் சோதித்தவரைவிட யார் நன்கு அறிவார்?

பணம் செலுத்தும் வசதி, செயல்விளக்கத்தின்போது பிசகின்றி இயங்கும். இணைப்பு நடுவில் துண்டிக்கப்பட்டால் பணம் இருமுறை கழிக்கப்படுமா என்பது சோதித்தவருக்கே தெரியும். எந்தச் சூழல்களில் சோதித்தார், எவை விடுபட்டன என்பதை அவரே அங்கு கூற வேண்டும் என்பேன். சங்கடம்தான், ஆயினும், வெளியீட்டைத் தள்ளிவைக்கும் அதிகாரம் உடையவர்கள் அமர்ந்திருப்பது அந்தக் கூட்டத்தில்தான்.