வணிகரும் படப்பகிர்வுத் தளங்களும்

திருவள்ளுவர் அரசியல் கூறுங்கால் இடனறிதலுக்கெனத் தனியதிகாரம் ஒன்று வகுத்தார். அவர் கருதியது போர்க்களமாயினும் அக்கருத்து அங்காடிக்கும் பொருந்துவதேயாம். முன்னாளில் வணிகன் சந்தியிலே கடையமைப்பதா, சந்தையிலே பரப்புவதா என்று ஆராய்ந்தான். இன்றோ தன் சரக்கின் புகைப்படத்தை இணையத்தில் எவ்விடத்து வைப்பது என்றும் ஆராய வேண்டியவனாகின்றான். இவ்வாராய்ச்சி சிறிதெனத் தோன்றலாம். எனினும், அதிற் பிழைபட்டோர் ஒருநாட் காலையிலே தம் கடை முழுவதும் இருண்டு கிடக்கக் கண்ட வரலாறும் உண்டு. அது பின்னர்க் கூறப்படும்.

கூட்டம் மிகுந்த இடமே வாணிகத்துக்குச் சிறந்த இடம் என்பது பலரின் எண்ணம். திருவிழாக் கூட்டத்திலே கலப்பை விற்க முயல்வோன் பெறும் பயனை நோக்குவார்க்கு இவ்வெண்ணத்தின் குறை விளங்கும். கூடினோர் தொகையினும், அவர் எந்நோக்கத்தோடு கூடினர் என்பதே முதற்கண் அறியற்பாலது. படங்களைப் பகிர்வதற்கு எழுந்த தளங்கள் பலவாயினும், பிளிக்கர், இன்ஸ்ரகிராம், பின்ரறெஸ்ற் என்னும் மூன்றையும் ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு புலனாகும்.

மூன்றினுள் மூத்தது பிளிக்கர். இணைய விளையாட்டொன்றை ஆக்க முயன்ற சிறு கம்பனியொன்று, அம்முயற்சியின் கிளையாக இதனை 2004 ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில் தோற்றுவித்தது. 2005 இல் யாகூ இதனை வாங்கிற்று. 2018 இல் சிமக்மக் என்னுங் கம்பனியின் கைக்கு மாறிற்று. புகைப்படக் கலையிலே ஈடுபாடுடையோர் பெரிய அளவிற் படங்களைச் சேமிக்கவும், தொகுக்கவும், எவ்வுரிமத்தின்கீழ்ப் பிறர் அவற்றைப் பயன்படுத்தலாம் என வரையறுக்கவும் இஃது ஏற்றது. ஆயின் வணிகரை இத்தளம் விரும்பி அழைத்ததில்லை. தன்னிடத்துப் பொருள் விற்போரின் கணக்கை நீக்குவதாக அதன் விதிகள் நெடுங்காலம் எச்சரித்து வந்தன. படமே சரக்காகவுடைய புகைப்படக் கலைஞர்க்கன்றி ஏனை வணிகர்க்கு இதனாற் பெரும் பயனில்லை எனலாம்.

இன்ஸ்ரகிராம் 2010 ஒக்ரோபரில் வெளிவந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்தனர். இரண்டாண்டு நிரம்புமுன், 2012 ஏப்பிரலில், பேஸ்புக் நிறுவனம் இதனை நூறு கோடி டொலர் அளவான விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்பொழுது அங்குப் பணிபுரிந்தோர் பதின்மூவரே என்பது வியப்புக்குரியது. இங்கு வருவோர் ஒன்றைத் தேடி வாங்கும் நோக்கத்தோடு வருபவரல்லர். நண்பரையும் தாம் விரும்பும் பிறரையும் காண வருவோராவர். ஆகவே, கண்டவுடன் ஆசையைத் தூண்டும் பொருள்களாகிய உணவு, உடை, அணிகலன், தங்குவிடுதி ஆகியவற்றுக்கு இவ்விடம் மிக நன்று. கணக்காய்வாளர்க்கும் இயந்திர உறுப்பு விற்போர்க்கும் அத்துணை நன்றன்று.

இதன் குறைகள் இரண்டு. முதலாவது, படத்தின்கீழ் எழுதுங் குறிப்பில் வணிகன் தன் இணையத்தள முகவரியை இட்டாலும், அதனை அழுத்தி அங்குச் செல்லப் பொதுவாக இயலாது. பார்ப்போன் கடைவாயிலுக்கு வருதற்கு வேறு வழி தேடவேண்டும். இரண்டாவது, எப்படத்தை எவர்க்கு முன்வைப்பது என்பதை நிறுவனமே தீர்மானிக்கின்றது. தொடக்கத்திலே படங்கள் வெளியான கால ஒழுங்கிலேயே தோன்றின. 2016 இல் அவ்வொழுங்கு மாற்றப்பட்டது. 2020 இல் ரீல்ஸ் என்னுங் குறுங்காணொளிகள் புகுத்தப்பட்டு, நாளடைவில் நிலைப்படங்களினும் முதன்மை பெற்றன. படமெடுக்க மட்டும் பழகிய சிறுவணிகன், தன்னைக் கேளாதே மாற்றப்பட்ட விதிக்கேற்ப நடிக்கவும் பழகவேண்டியவனானான்!

பின்ரறெஸ்றும் 2010 இல் தோன்றியதே. ஆயினும் அதன் இயல்பு வேறு. மணவறையை எவ்வாறு அலங்கரிப்பது, சமையலறையை எவ்வாறு அமைப்பது, பிறந்தநாளுக்கு என்ன உணவு ஆக்குவது என்று திட்டமிடுவோர் அங்குச் சென்று தேடுகின்றனர். விரும்பிய படங்களைத் தம் பலகைகளிலே குத்தி வைக்கின்றனர். படமொன்றை அழுத்தின் அது வந்த இணையத்தளம் திறக்கும். இன்ஸ்ரகிராமில் இட்ட படம் பெரும்பாலும் சில நாள்களில் மறக்கப்படும். இங்கோ தேடுவோர் உள்ளவரை, பல திங்கள் கழிந்த பின்னும், பழைய படம் புதியவரைக் கடைக்கு அழைத்துவரும். தளபாடம் செய்வோர், தையற்கலைஞர், மணவிழா ஒழுங்குசெய்வோர் ஆகியோர் கூட்டத்தின் பெருமையிலே மயங்கி இதனைப் புறக்கணித்தல் தவறாகும். ஆயின் தமக்கென இணையத்தளம் இல்லாதவர்க்கு இதன் சிறப்பிற் பாதி வீணாய்விடும்.

தளத்தைத் தெரிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. அவ்விடம் யாருடையது? இதற்குப் போட்டோபக்கெற் என்னுந் தளத்தின் வரலாற்றினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. 2003 இல் தொடங்கப்பட்ட அத்தளத்திலே படத்தை ஏற்றிவைத்து, ஈபே, அமேசன் முதலிய அங்காடிகளிலும் தம் சொந்தத் தளங்களிலும் அப்படம் தோன்றச் செய்வது சிறுவணிகர் பலரின் வழக்கமாயிருந்தது. செலவின்றி நடந்த ஏற்பாடாதலின் எவரும் ஐயுறவில்லை. 2017 இன் நடுப்பகுதியில் நிறுவனம் தன் விதியை மாற்றிற்று. பிறதளங்களிற் படம் தோன்றவேண்டின் ஆண்டொன்றுக்கு 399.99 டொலர் செலுத்துக என்றது. செலுத்தாதோரின் படங்கள் மறைந்தன. அவ்விடங்களிலெல்லாம் கணக்கைப் புதுப்பிக்குமாறு கூறும் அறிவிப்புப் படமே தோன்றிற்று. விற்பனைக்கு வைத்த பொருளின் உருவம் இல்லாத கடையில் எவர் வாங்குவர்? அடுத்த ஆண்டிற் கட்டணம் பெரிதுங் குறைக்கப்பட்டதாயினும், நம்பிக்கை பழைய நிலைக்கு மீளவில்லை.

பெரிய நிறுவனம் இவ்வாறு செய்யாது என்பார்க்கு மறுமொழி எளிது. 2018 நவம்பரில் பிளிக்கரும் கட்டணமில்லாக் கணக்குக்கு 1,000 படங்களே எல்லையென வரையறுத்து, மிகுந்தவற்றை நீக்குவதாக அறிவித்தது. 2021 ஒக்ரோபர் 4 ஆம் நாள் இன்ஸ்ரகிராமும் பேஸ்புக்கும் வாட்ஸப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஒருங்கே செயலற்றுக் கிடந்தன. அது வஞ்சனையன்று, பராமரிப்பிலே நேர்ந்த தவறு. ஆயினும் அம்மூன்றையே கடையாகக் கொண்டிருந்தோர்க்கு அன்று கடையடைப்பே.

இதனால் இத்தளங்களை விலக்குக என்பது கருத்தன்று. பிறர் நிலத்திற் கொட்டகை இடலாம். களஞ்சியம் அங்கு வேண்டா. தனக்கெனச் சிறியதோர் இணையத்தளம் அமைத்து, படங்களின் மூலப்பிரதிகளைத் தன் கணினியிலும் அதற்குப் புறம்பாக வேறோரிடத்திலும் வைத்து, வாடிக்கையாளரின் தொலைபேசி எண்களைத் தன் ஏட்டிலும் குறித்துக்கொண்ட பின்னரே வணிகன் தளந் தெரிதல் முறை. அதன்பின்னும் மூன்றிடத்தும் ஒருங்கே தொடங்குதல் வேண்டா. ஒன்றிலே ஆறு திங்கள் ஊன்றிநின்று, விருப்பக்குறி இட்டோர் எத்தனைபேர் என்பதை விடுத்து, அங்கிருந்து விலை கேட்டு வந்தோர் எத்தனைபேர் என்று கணக்கெழுதிப் பார்த்தல் போதும். வந்தோரிடம், எங்கே கண்டு வந்தீர்கள் என ஒரு சொற் கேட்பதற்குச் செலவேதும் இல்லை. பெரும்பாலான கடைகளில் அக்கேள்விதான் கேட்கப்படுவதில்லை.