எழும்பிப் போக ஏலுமா? - அழைப்புக்கும் நிர்ப்பந்தத்துக்கும் இடையில்

தஃவா என்ற அறபுச் சொல்லை நாம் மார்க்கப் பிரசாரம் என்ற ஒரே கருத்தில் பாவித்துப் பழகிவிட்டோம். அறபியில் அதன் முதற் பொருள் அழைப்பு. விருந்துக்கு அழைப்பதும் தஃவாதான். நம் ஊர்களில் கலியாணத்துக்குச் சொல்லப் போவோமே, அந்தச் சொல்லுதலை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கிவிடும். ஸலாம் சொல்லி, கதிரையில் இருந்து, நாளையும் நேரத்தையும் சொல்லி, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வருவோம். வராதவரோடு நாலு மாதம் கதைக்காமல் இருக்கிற மாமாமார் உண்டு; ஆனால் கையைப் பிடித்து இழுத்து வந்து சஹனில் இருத்துகிற மாமாவை நான் கண்டதில்லை.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று கூறும் அல்பகறா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் எல்லோருக்கும் தெரியும். சர்வமதக் கூட்டங்களில் நம்மவர் தவறாமல் ஓதும் வசனம் அது. அது இறங்கிய சந்தர்ப்பத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் அது பதிவாகியிருக்கிறது. இஸ்லாத்துக்கு முந்திய மதீனாவில், பிறக்கும் பிள்ளைகள் தங்காத தாய்மார், இந்தப் பிள்ளை தங்கினால் யூதனாக வளர்ப்பேன் என்று நேர்ச்சை வைப்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் பனூ நழீர் கோத்திரத்தாரோடு இருந்தார்கள். ஹிஜ்ரி 4இல் அந்தக் கோத்திரம் மதீனாவை விட்டு வெளியேற்றப்பட்டபோது, எங்கள் பிள்ளைகளை நாங்கள் விடமாட்டோம் என்றார்கள் அன்ஸாரிகள். அப்போதுதான் வசனம் இறங்கியது.

பிள்ளையின் மீது உரிமை கொண்டாடக்கூடியவர் உலகத்தில் யாராவது உண்டென்றால் அது பெற்ற உம்மாவும் வாப்பாவும்தான். அவர்களுக்கே இல்லை என்று சொல்லப்பட்டது, வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

இப்னு கஸீர் தம் தப்ஸீரில் இன்னொரு செய்தியையும் தருகிறார். உமர் (ரழி) அவர்களிடம் கிறிஸ்தவ அடிமை ஒருவர் இருந்தார். கலீபா அவருக்கு இஸ்லாத்தை எடுத்துச் சொல்வார், அவர் மறுப்பார், உமர் இதே வசனத்தை ஓதிவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். எசமான் பேசும்போது எழும்பிப் போக அந்த அடிமைக்கு ஏலாது. சொல்லுகிறவரின் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவு பெரியது. அதனாலேயே நிறுத்த வேண்டிய பொறுப்பும் அவர் தலையில்தான் இருந்தது.

நிர்ப்பந்தம் என்றவுடன் வாளையும் சிறையையும் தேடுவது நம் வழக்கம். என்னைக் கேட்டால், அளந்து பார்க்க ஒரு கேள்வி போதும்: கேட்டுக்கொண்டிருப்பவர் எதையும் இழக்காமல் எழும்பிப் போக ஏலுமா? ஏலுமென்றால் அது அழைப்பு. வார்ட்டில் படுத்திருக்கும் நோயாளி, கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பொடியன், கடன் வாங்கியவர், வகுப்பில் இருக்கும் மாணவர் ஆகியோருக்கு அது ஏலாது. அங்கே எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் சொல்லில் ஒரு கனம் ஏறிவிடுகிறது. சுனாமிக்குப் பிறகு, நிவாரணத்தோடு மதத்தையும் கொண்டுவருகிறார்கள் என்று சில அமைப்புகள் மீது நாடு முழுக்கக் குற்றச்சாட்டு எழுந்தது நினைவிருக்கும். வீடு வாசல் போனவனிடம் கூடாரத்தைக் கொடுத்துவிட்டு வேதத்தைப் பேசினால், அவன் தலையாட்டுவது எதற்காக என்று அவனுக்கே தெரியாது. நம் கையால் நிவாரணம் கொடுக்கும் நாளிலும் இது பொருந்தும்.

இந்தக் கனத்தை நம் சமூகம் வாங்கி அனுபவித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தது. படிக்க அனுப்பினால் பிள்ளையின் ஈமான் போய்விடும் என்று பயந்து நம் முன்னோர் அனுப்பாமலே இருந்தார்கள். அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி எழுதியும், 1892இல் பிறருடன் சேர்ந்து மருதானையில் ஸாஹிறா உருவாக உழைத்தும் அந்தப் பயத்துக்கு மருந்து தேடினார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான். பாதிரிமாரில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள். பீற்றர் பேர்சிவல் நாவலரை மதித்தவர். பைபிள் மொழிபெயர்ப்புக்கு அவரையே துணைக்கு வைத்துக்கொண்டவர். இருந்தும் பள்ளிக்கூடம் என்ற இடத்தில் பிள்ளைக்கு எழும்பிப் போக வழியில்லையே.

இன்று பல பாடசாலைகளில் மேசைக்கு இந்தப் பக்கம் நாம் இருக்கிறோம். நம் பாடசாலைகளிலும் இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகள் படிக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் கிறாஅத் ஓதும்போது அந்தப் பிள்ளை மரியாதையாக நிற்கட்டும். அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. உன்னுடைய சாமி இதைச் செய்யுமா என்று பகிடியாகக் கேட்கிற ஆசிரியர், அந்தப் பிள்ளை பதில் சொல்லத் துணியாது என்பதால்தான் கேட்கிறார். அவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று அல்அன்ஆம் அத்தியாயம் (108) தடுப்பது வகுப்பறைக்கும் சேர்த்துத்தான்.

மறுபக்கமும் உண்டு. தமிழிலக்கியப் பாடத்தில் தேவாரம் வருகிறது, பிள்ளைக்கு ஷிர்க் படிப்பிக்கிறீர்கள் என்று சண்டைக்கு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: பரீட்சை கேட்பது பாட்டின் பொருளை, பிள்ளையின் ஈமானை அல்ல. கைகூப்பிப் பாடு என்று ஓர் ஆசிரியர் சொன்னால் வாருங்கள், நானும் உங்களோடு அதிபரிடம் வருகிறேன். உவமையை விளக்கினால் வராதீர்கள். இதே பாடத்தில் இந்துப் பிள்ளை சீறாப்புராணம் படிக்கிறது. அந்த வீட்டிலிருந்து யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் சொல்லத்தான் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதன் பாவனையை 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது, பாங்குக்கே ஆபத்து என்று நம்மவர் கலங்கினார்கள். பாங்கு சில நிமிடம். பயான் ஒரு மணி நேரம் வெளி ஸ்பீக்கரில் போகிறது. பக்கத்து வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை காதைக் கழற்றி வைக்க ஏலாது. பயானுக்கு உள் ஸ்பீக்கர் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும், அதைப் பின்பற்றவும் போதிக்கவுமான உரிமையை 14ஆம் உறுப்புரையும் தருகின்றன. பலவந்த மதமாற்றத்தைத் தடுக்க 2004இல் ஒரு தனிநபர் மசோதாவும் வந்தது. மனதுக்குள் நடப்பதைச் சட்டம் அளந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

திணிக்காமல் சொல்லும் வழியைத் தமிழ் முஸ்லிம்களுக்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் காட்டியிருக்கிறார். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் நபிகளாரின் வரலாற்றைச் சொல்கிறது. எந்த இடத்திலும் வாசகனின் மதத்தை அது விசாரிப்பதில்லை. கம்பனில் பழகிய காதுக்குக் கம்பன் வழியிலேயே நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தொடங்கி, அறபு நாட்டில் மழை பெய்வித்து, ஆறு ஓடவிட்டு, வயலும் விளைய வைக்கிறார் புலவர். கேட்பவனின் ஊருக்கு முதலில் போய், அவன் வீட்டுக் கதிரையில் இருந்து, பிறகு கதையைத் தொடங்குகிற முறை அது.

ஒரு முறை அந்தப் படலத்தை நடத்தும்போது இந்து மாணவி ஒருத்தி எழும்பி, "சேர், மக்காவில உண்மையாவே வயல் இருக்கா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. இல்லை மகள், மலையும் மணலும்தான், புலவர் தன்னுடைய ஊரை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்றேன். அப்படியென்றால் அந்த மணலுக்கு ஏன் எல்லோரும் போகிறார்கள் என்றாள். இப்றாஹீம் நபியையும் ஹாஜரா அம்மையாரையும் ஸம்ஸம் கிணற்றையும் பற்றிச் சொன்னேன். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். அவள் கேட்டது அவ்வளவுதான். அடுத்த செய்யுளை வாசிக்கச் சொன்னேன்.