விடுமுறைக்கு யார் வருவார்கள்?

விடுமுறை என்றதும் எல்லாப் பிள்ளைகளின் மனத்திலும் ஒரே படம் எழுவதில்லை. சீன நாட்டுச் சிறு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். அங்கே 1999-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து ஏழு நாள் தொடர் விடுமுறைகள் வழக்கத்துக்கு வந்தன. பெய்ஜிங், ஷாங்ஹாய் போன்ற நகரங்களில் வசதியுள்ள குடும்பங்கள் பெருஞ்சுவரையோ கடற்கரையையோ காணப் புறப்படுகின்றன. அப்பிள்ளைகளுக்கு விடுமுறை என்பது ஓர் இடம். சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்கோ அது ஓர் ஆள்.

பெற்றோர் தொலைதூரத் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ இருப்பார்கள். பிள்ளை பாட்டியிடம் வளரும். 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இவ்வாறு தாயையோ தந்தையையோ இருவரையுமோ பிரிந்து வாழ்ந்த பிள்ளைகள் ஆறு கோடிக்கும் மேல். கூடவே அழைத்துப் போகலாமே என்று கேட்பீர்கள். குடும்பப் பதிவைச் சொந்த ஊரோடு கட்டிவைத்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, நகரப் பள்ளியில் இடம் பெறுவது பலருக்கு இன்றும் கடினம்.

ஆகவே கோடை விடுமுறையில் சில பிள்ளைகள் பெற்றோரைத் தேடி நகரம் போகிறார்கள். 'சின்ன வலசைப் பறவைகள்' என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். பெயர் அழகுதான், பகல் முழுவதும் வாடகை அறையில் தனித்திருக்கும் பறவைகளும் உண்டு.

மற்றவர்கள் சீனப் புத்தாண்டுக்குக் காத்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு "இன்னும் மூன்று மாதம்" என்றால் விளங்காது. பாட்டி வீட்டில் பன்றி அறுப்பதும், இறைச்சியை உப்பிட்டுத் தொங்கவிடுவதும், கதவில் சிவப்புத் தாளில் வாழ்த்து ஒட்டுவதுமே அதற்கு நாள்காட்டி.

கடைசியில் அப்பா வந்துவிடுகிறார். பிள்ளையோ பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அங்பாவை நீட்டினாலும் கை நீளாது. ஓராண்டு பார்க்காத முகம் அல்லவா? இது பாசமின்மை அன்று. பழகி மடியில் ஏறுவதற்குள் அவர் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார். பெட்டியைக் கண்டால் நகரத்துப் பிள்ளை துள்ளும்; இந்தப் பிள்ளைக்கு வயிறு கலங்கும்.

அழுகையைக் காணப் பொறுக்காமல், பிள்ளை உறங்கும்போது புறப்பட்டுவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மறுமுறை பிள்ளை உறங்கவே அஞ்சும். சொல்லிவிட்டு, அழவிட்டுப் போவதே மேல் என்பேன். பிறகு தொலைபேசியில் "எப்போது வருவாய்?" என்று கேட்டால் தேதி வேண்டாம். "பாட்டி பன்றி அறுக்கும்போது வருகிறேன்" என்றால் பிள்ளைக்குப் புரியும்.